டிக்கிண்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஸ்ட்: ஒன்றை உருட்டினால் மற்றதும் கூடவே வர என்ன செய்வது?

மாட்டுத்தாவணி கணக்கு:

வணக்கம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவுக்குக் கமிஷன் கடை. வீட்டில் நான் மூத்த பெண், கணக்கு என் பொறுப்பு. அதற்காகப் பைத்தானில், திரை அமைக்க உதவும் டிக்கிண்டர் வைத்து ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். பதிவு போடுவது, பில் அடிப்பது எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. சரிபார்க்கும் திரை மட்டும் கைக்கு வரவில்லை.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் கேட்டால் பதில் வேறு எங்கோ போய்விடும். விடிவதற்கு முன்பே சம்சாரிகள் (விவசாயிகள்) பூவைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். வலையங்குளம், கப்பலூர், செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம், நிலக்கோட்டை என்று பல ஊர்ப் பூ. தராசுப் பக்கம் நிற்கும் அண்ணன் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிட்டை போடுவார். சிட்டை எண், பெயர், ஊர், என்ன பூ, எவ்வளவு எடை. இது வரவு.

வந்த மூட்டை அப்படியே ஒரே ஆளுக்குப் போவதில்லை. பத்து கிலோ மல்லி வந்தால் நாலு கிலோ பூக்கட்டும் அக்காவுக்கு, மூன்று கிலோ கேரளாவுக்கு அனுப்பும் வியாபாரிக்கு, மீதி சில்லறையாக என்று பிரிந்துபோகும். விலையும் ஒன்றாக இருக்காது. ஆறு மணிக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு வேறு விலை. ஆக ஒரு வரவு வரிக்கு இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்தாறு விற்பனை வரிகள் வரும்.

எங்கள் கடையில் சம்சாரிக்கு அன்றன்றைக்கே பணம் கொடுத்துவிடுவோம். கமிஷனைக் கழித்து, முன்பணம் வாங்கியிருந்தால் அதிலும் ஒரு பகுதியைக் கழித்துக் கையில் தர வேண்டும். அதற்கு முன்னால் இடது பக்கம் வரவு, வலது பக்கம் விற்பனை என்று வைத்து, அப்பா ஒன்றை வாசிக்க நான் மற்றதைப் பார்த்து டிக் போடுவேன். இந்த இடத்தில்தான் திரை காலை வாருகிறது.

இப்போது இருப்பது இதுதான். இரண்டு லிஸ்ட்பாக்ஸ், நடுவில் பொதுவாக ஒரு ஸ்க்ரோல்பார். ஸ்க்ரோல்பாரைப் பிடித்து இழுத்தால் இரண்டும் நகர்கின்றன. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அம்புக்குறி எந்த லிஸ்ட் மேல் இருக்கிறதோ அது மட்டும் நகர்கிறது. மவுஸ்வீல் நிகழ்வைப் பைண்ட் செய்து, அதாவது அது நடக்கும்போது என் ஃபங்ஷன் ஓடும்படி கட்டி, அதைச் சரிக்கட்டினேன். அப்புறம் பார்த்தால் கீழ் அம்பு விசைக்கு நகரவில்லை. அதையும் பைண்ட் செய்தேன். பேஜ் டவுன், கண்ட்ரோல்-எண்ட், மவுஸால் இழுத்துத் தேர்வு செய்வது என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. இதில் என் லேப்டாப் விண்டோஸ், கடையில் இருப்பது லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். கடையில் மவுஸ்வீல் நிகழ்வு வரவே இல்லை.

எல்லாம் நகர்ந்தாலும் இன்னொரு தொல்லை. முகூர்த்த நாளில் வரவு 120 வரி என்றால் விற்பனை 300 வரி வரும். ஸ்க்ரோல்பாரைப் பாதிக்கு இழுத்தால் இடது பக்கம் கப்பலூர்க்காரர் பெயர், வலது பக்கம் வேறு யாருடையதோ விற்பனை. எதிரெதிரே நிற்க வேண்டிய வரிகள் விலகிவிடுகின்றன.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் வெளிச்சத்தில் மொட்டுப் பறிப்பவர்கள் இவர்கள். அரை கிலோ கணக்கில் விட்டுப்போனால் அது அவர்கள் கொடுத்த பறிகூலிக்குக்கூடக் காணாது. வரி மாறிப் படித்துத் தவறாக டிக் போடும் திரையை வைத்துக்கொண்டு பணம் எண்ணிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விளாங்குடி:

எக்செல்லில் இது ஏற்கெனவே இருக்கிறதே. இரண்டு வொர்க்புக்கையும் திறந்துகொண்டு, வியூ மெனுவில் வியூ சைடு பை சைடு, அதோடு சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங். அதைப் போட்டால் இரண்டும் சேர்ந்தே உருளும். விலகி நின்றால் சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்கை அணைத்து, ஒன்றை மட்டும் நகர்த்தி வரிசைப்படுத்திவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். புரோகிராமே வேண்டாம்.

அதோடு ஒரு கேள்வி. எடை ஒத்துப்போகிறதா என்று கம்ப்யூட்டரே கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுமே, கண்ணால் ஏன் பார்க்க வேண்டும்?

மாட்டுத்தாவணி கணக்கு:

எக்செல் இரண்டையும் ஒரே அளவு வரிகள்தான் நகர்த்துகிறது. பத்து வரிக்கு ஒருமுறை அணைத்து, நகர்த்தி, மறுபடி போட வேண்டியிருக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விற்பனை வரிகளும் புதிதாக வந்துகொண்டிருக்கும்.

கம்ப்யூட்டர் கூட்டலாம், கூட்டவும் செய்கிறது. ஆனால் பூ எடை சரிக்குச் சரி நிற்காது. ஈரத்தோடு வந்த மல்லி இரண்டு மணி நேரத்தில் காய்ந்து எடை குறையும். நூறு கிராம் குறைந்தால் அது காய்ந்ததாலா, யாராவது சிட்டை போட மறந்ததாலா என்பது பூவையும் ஆளையும் நேரத்தையும் பார்த்தால்தான் தெரியும். சம்பங்கிக்கு ஒரு கணக்கு, மல்லிக்கு ஒரு கணக்கு. அப்பாவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். அதனால்தான் இரண்டையும் எதிரெதிரே காட்ட வேண்டியிருக்கிறது.

ஒத்தக்கடை:

அரிசி ஆலை, உரக்கடை, மருந்துக்கடை என்று இந்தப் பக்கத்துக் கடைகளுக்கு பில்லிங் புரோகிராம் எழுதுகிறவன் நான். இந்தத் திரையை வெவ்வேறு கருவிகளில் செய்திருக்கிறேன். தங்கச்சி, உங்கள் கேள்வியில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது.

முதலில் சக்கரம், அம்பு விசை, பேஜ் டவுன். இவற்றைத் துரத்துவதை விட்டுவிடுங்கள். லிஸ்ட் நகர்வதற்குக் காரணங்கள் நிறைய. அத்தனையையும் பிடித்து முடிக்க முடியாது, நாளைக்கு டச்பேட் ஒன்று வந்தால் இன்னும் ஒன்று கூடும். எது நகர்த்தினாலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான்: லிஸ்டின் மேல் வரி மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பிடியுங்கள்.

டிக்கிண்டருக்கு அடியில் ஓடும் டிகேயில் அதற்கென்றே ஒய்ஸ்க்ரோல்கமாண்ட் இருக்கிறது. ஸ்க்ரோல்பாரின் செட் என்பதை அதில் கொடுப்பது வழக்கம், அதனால் அது ஸ்க்ரோல்பாருக்கு மட்டுமே ஆனது என்று பலர் நினைக்கிறார்கள். லிஸ்டின் காட்சி எந்தக் காரணத்தால் மாறினாலும் டிகே அதைக் கூப்பிட்டு இரண்டு பின்னங்களைத் தரும்: தெரியும் பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது. அங்கே உங்கள் சொந்த ஃபங்ஷனைக் கொடுங்கள். அதற்குள் மூன்று வேலை. வந்த இரண்டு எண்களை ஸ்க்ரோல்பாருக்குக் கொடுப்பது. நகர்ந்த லிஸ்டில் நியரஸ்ட் என்பதற்கு 0 கொடுத்து மேல் வரி எண்ணைக் கேட்பது. மற்ற லிஸ்டின் மேல் வரி அதிலிருந்து வேறாக இருந்தால் மட்டும், அதன் ஒய்வியூவுக்கு (காட்சியை மேலும் கீழும் நகர்த்தும் கட்டளை) அந்த வரி எண்ணைக் கொடுத்து நகர்த்துவது. இதையே அந்தப் பக்கத்து லிஸ்டுக்கும் திருப்பி எழுதுங்கள்.

இதைச் செய்துவிட்டு நீங்கள் எழுதிய பைண்ட் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். லினக்ஸ் தொல்லையும் கூடவே போய்விடும். டிகே 8.6 வரை லினக்ஸில் சக்கரம் மவுஸ்வீலாக வராது, 4ஆம் பொத்தான், 5ஆம் பொத்தான் என்று வரும். அதனால்தான் உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் எதுவும் நடக்கவில்லை. லிஸ்ட்பாக்ஸுக்குத் தன் சக்கரத்தை எப்படிக் கேட்பது என்று இரண்டு இடத்திலும் தானாகவே தெரியும். அது நகரட்டும், நாம் நகர்ந்த இடத்தை மட்டும் பார்ப்போம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இடது வலதை நகர்த்தும், வலது திரும்ப இடதைக் கூப்பிடும், சுற்றிச் சுற்றி வருமே என்று பயந்து, 'நான்தான் நகர்த்துகிறேன்' என்று ஒரு கொடி மாறி வைப்பவர்கள் உண்டு. நகர்த்துவதற்கு முன் கொடியை ஏற்றுவது, நகர்த்தியதும் இறக்குவது. டிகேயில் அது உதவாது. நீங்கள் ஒய்வியூ சொன்னவுடனே ஒய்ஸ்க்ரோல்கமாண்ட் ஓடாது. டிகே அதைக் குறித்து வைத்துக்கொண்டு, கையில் வேலை ஓய்ந்த பிறகு ஓட்டும். அதற்குள் கொடி இறங்கிவிட்டிருக்கும். 'ஏற்கெனவே அதே வரியில்தான் இருக்கிறதா' என்று ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே நம்பகமானது. ஒரே வரியில் இருந்தால் எதையும் செய்யாது, சுற்றும் நின்றுவிடும்.

இரண்டாவது, பாதிக்கு இழுத்தால் விலகுவது. ஸ்க்ரோல்பாரை இழுக்கும்போது அது அனுப்புவது மூவ்டூ என்ற சொல்லும் ஒரு பின்னமும். 0.5 என்றால் 120 வரி லிஸ்ட் 60ஆம் வரிக்குப் போகும், 300 வரி லிஸ்ட் 150ஆம் வரிக்குப் போகும். அது அதன் கணக்கில் சரிதான், உங்கள் கணக்குக்குத்தான் ஆகாது. ஸ்க்ரோல்பாரை ஒரே ஒரு லிஸ்டுக்கு மட்டும் கட்டுங்கள். மற்றது மேலே சொன்ன ஃபங்ஷன் வழியாக வரி எண்ணைப் பிடித்துக்கொண்டு வரும்.

ஆனால் இப்படியே நிறுத்தினால் அடியில் போய் முட்டும். திரையில் 20 வரி தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் 120 வரி என்பதால் அதன் மேல் வரி 100ஐத் தாண்டாது. வலது லிஸ்டை கண்ட்ரோல்-எண்ட் விசையால் ஒரே தாவலாக அடிக்குக் கொண்டுபோனால் அது 280க்குப் போகும். இடதை 280க்குப் போ என்போம், அது 100இல் நின்றுவிடும். நின்றதும் 'நான் 100க்கு வந்துவிட்டேன்' என்று அது கூப்பிடும். உடனே வலது 100க்குத் திரும்பி ஓடிவரும். பார்ப்பவருக்கு லிஸ்ட் கையை உதறுவதுபோல இருக்கும். பலர் இந்த இடத்தில்தான் புரோகிராமில் பேய் இருக்கிறது என்று கைவிடுகிறார்கள்.

இதற்கான வழி மூன்றாவது சிக்கலோடு சேர்ந்தே கிடைக்கிறது. உங்களுக்கு உண்மையில் வேண்டியது 57ஆம் வரிக்கு எதிரே 57ஆம் வரி நிற்பது அல்ல. சிட்டைக்கு எதிரே அதே சிட்டையின் விற்பனை நிற்க வேண்டும். எழுத்துக் கோப்புகளை ஒப்பிடும் புரோகிராம்களில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வின்மெர்ஜும் விம்முடைய டிஃப் காட்சியும் ஒரு பக்கம் இல்லாத வரிகளுக்கு அந்தப் பக்கத்தில் வெற்று வரிகளை நிரப்பி இரண்டையும் ஒரே நீளமாக்கிவிடும். மெல்ட் நிரப்பாது. எந்தத் துண்டுக்கு எந்தத் துண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்தும், நடுவில் வளைந்த பட்டை போட்டு இணைத்துக் காட்டும். மெல்டின் வழி பார்க்க அழகு, எழுதுவது கடினம்.

உங்களுக்கு நிரப்புவதுதான் பொருந்தும். 41ஆம் சிட்டைக்கு மூன்று விற்பனை என்றால், இடது பக்கம் சிட்டை வரிக்குக் கீழே இரண்டு வெற்று வரி. விற்பனையே ஆகாத சிட்டை என்றால் வலது பக்கம் ஒரு வெற்று வரி. இப்படிச் செய்தால் இரண்டு லிஸ்டும் எப்போதும் ஒரே நீளம். பின்னத்தில் நகர்ந்தாலும் வரி எண்ணில் நகர்ந்தாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும், அடியில் முட்டவும் செய்யாது. இரண்டு லிஸ்டுக்கும் ஒரே எழுத்துரு, ஒரே உயரம் வையுங்கள். ஒன்றில் 20 வரியும் மற்றதில் 18 வரியும் தெரிந்தால் கடைசிப் பக்கத்தில் மறுபடி உதறும்.

திருநகர்:

ஒத்தக்கடை அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இரண்டு லிஸ்ட் எதற்கு என்பதை யாரும் கேட்கவில்லை. நிரப்பி ஒரே நீளம் ஆக்கிவிட்டால் அது இரண்டு லிஸ்ட் இல்லை, ஒரே டேபிள்தான். பத்தி பிரித்துக் காட்டும் ட்ரீவியூ ஒன்றே ஒன்று போடுங்கள். முதல் நாலு பத்தி வரவு, அடுத்த நாலு பத்தி விற்பனை. ஸ்க்ரோல் ஒன்றுதான், சேர்த்துவைக்க எதுவுமே இல்லை. இல்லாத சிக்கலுக்கு யாரும் விடை தேட வேண்டியதில்லை.

லிஸ்ட்பாக்ஸில் தமிழை வைத்துப் பத்தி பிரிப்பதும் நடக்காது. 'உசிலம்பட்டி'யும் 'கப்பலூர்'ரும் எத்தனை ஸ்பேஸ் போட்டாலும் நேராக நிற்காது. எழுத்துக்கு எழுத்து அகலம் வேறு. ட்ரீவியூவில் ஒவ்வொரு பத்திக்கும் தனி அகலம் கொடுக்கலாம். டேபிள் வேண்டாம் என்றால் சிட்டையைத் தலைவரியாகவும் விற்பனைகளை அதற்குக் கீழே கிளை வரிகளாகவும் போடலாம், ட்ரீவியூ அதற்குத்தான் இருக்கிறது.

மாட்டுத்தாவணி கணக்கு:

ஒத்தக்கடை அண்ணே, ரொம்ப நன்றி. பைண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒய்ஸ்க்ரோல்கமாண்டில் எழுதினேன். லேப்டாப்பிலும் கடைக் கம்ப்யூட்டரிலும் சக்கரம், விசை, இழுப்பு எல்லாவற்றுக்கும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. வெற்று வரி நிரப்பியதும் கப்பலூர்க்காரர் வரிக்கு எதிரே அவர் பூவின் விற்பனைதான் நிற்கிறது. அப்பா பார்த்துவிட்டு, நோட்டில் எழுதும்போதுகூட இவ்வளவு நேராக இருந்ததில்லை என்றார்.

திருநகர் அண்ணன் சொல்வதையும் யோசித்தேன். நாங்கள் செய்வது சரிபார்ப்பு மட்டும் என்றால் ஒரே டேபிள் போதும். ஆனால் வலது பக்கத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பணம் தராமல் வாங்கிப்போனவர்கள் பட்டியலும் அதில்தான். வசூலுக்கு ஆள் வரும்போது விற்பனையை வாங்கியவர் பெயர்படி அடுக்கிப் பார்ப்பேன். அப்போது வரவு பக்கம் அப்படியே இருக்க வேண்டும். இடது பக்கம் ஒரு வரியையும் வலது பக்கம் வேறு வரிகளையும் தனித்தனியாகத் தேர்வு செய்யவும் வேண்டும். ஒரே டேபிளில் வரியைத் தொட்டால் முழு வரியும் தேர்வாகிறது. கிளை வரியாகப் போட்டுப் பார்த்தேன், எடையும் எடையும் எதிரெதிரே வராமல் மேலும் கீழுமாக வருகிறது. அப்பாவின் கண் இடமும் வலமுமாகத்தான் ஓடிப் பழகியது.

ஆனால் லிஸ்ட்பாக்ஸை விட்டு ட்ரீவியூவுக்கு மாறிவிட்டேன், பத்தி நேராக நிற்கிறது. மாறியதில் இரண்டு சந்தேகம். ஒன்று, 'பூ' என்று எழுதினால் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. கூ, மூ, ரு எல்லாவற்றுக்கும் அப்படித்தான். இரண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போது தராசிலிருந்து புது விற்பனை வந்தால் இரண்டு லிஸ்டையும் அழித்துத் திரும்ப நிரப்புகிறேன். அப்போது காட்சி மேலே போய்விடுகிறது, விட்ட இடத்தைத் தேடித் திரும்ப வர வேண்டியிருக்கிறது. வரி எண்ணைக் குறித்துவைத்துத் திரும்பப் போனால் ஒன்றிரண்டு வரி தள்ளி நிற்கிறது.

சிம்மக்கல்:

டிக்கிண்டர் போல இன்னொரு திரைக் கருவியான கியூட்டில் எழுதுகிறவர்கள் யாராவது இதைத் தேடி வந்தால் அவர்களுக்காக. ஒவ்வொரு காட்சியின் செங்குத்து ஸ்க்ரோல்பாரையும் எடுத்து, ஒன்றின் வேல்யூசேஞ்ச்ட் சிக்னலை மற்றதன் செட்வேல்யூவோடு கனெக்ட் செய்தால் போதும், இரண்டு பக்கமும். அங்கே சுற்றும் பயம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் மதிப்பையே மறுபடி கொடுத்தால் கியூட் சிக்னல் அனுப்பாது. ஒரு பக்கம் வரி வரியாகவும் ஒரு பக்கம் பிக்சல் கணக்காகவும் நகரும்படி வைத்துவிடாதீர்கள், எண்கள் வேறு வேறு அர்த்தத்தில் போகும். ஜாவா ஸ்விங்கில் இன்னும் சுலபம், இரண்டு ஸ்க்ரோல்பாருக்கும் ஒரே மாடலைக் கொடுத்துவிடலாம். நீளம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லா இடத்திலும் அப்படியேதான்.

ஒத்தக்கடை:

எழுத்து வெட்டுப்படுவதற்கு உங்கள் எழுத்துரு காரணம் இல்லை. ட்ரீவியூவின் வரி உயரம் தானாக 20 பிக்சல். எழுத்தைப் பெரிதாக்கினாலும் டிகே 8.6இல் அது கூடவே வளராது. ஆங்கிலத்துக்கு அந்த உயரம் காணும், நம் எழுத்துக்குக் கீழே வளைவு இறங்குவதால் காணாது. ஸ்டைலில் ட்ரீவியூவுக்கு ரோஹைட் என்பதை நீங்களே கொடுங்கள். எண்ணை ஊகிக்க வேண்டாம். எழுத்துருவிடம் லைன்ஸ்பேஸ் அளவைக் கேட்டு அதோடு நாலைந்து பிக்சல் கூட்டிக்கொள்ளுங்கள். லேப்டாப்பிலும் கடையிலும் அது தன்னால் சரியாக வரும்.

ட்ரீவியூ என்பதால் ஒப்பிடும் இடமும் கொஞ்சம் மாறும். அங்கே நியரஸ்ட் கிடையாது. ஒய்ஸ்க்ரோல்கமாண்டுக்கு வரும் முதல் பின்னத்தை, மற்றதன் ஒய்வியூ தரும் முதல் பின்னத்தோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் மூவ்டூ. இரண்டும் ஒரே நீளம் என்பதால் இங்கே பின்னத்தை நம்பலாம்.

புது வரி வரும்போது தாவுவதற்கு வருகிறேன். குறித்துவைக்க வேண்டியது வரி எண்ணை அல்ல, மேலே நிற்கும் வரியின் சிட்டை எண்ணை. மேலே ஒரு விற்பனை புதிதாகச் சேர்ந்தால் 57ஆம் வரி 58 ஆகிவிடும், ஆனால் 41ஆம் சிட்டை 41ஆம் சிட்டைதான். மேல் வரி எது என்பதை ஐடெண்டிஃபை ரோவிடம் கேளுங்கள். தலைப்புக்குக் கீழே இருக்கும் இடத்தைக் கொடுக்க வேண்டும், 0 கொடுத்தால் தலைப்பில் பட்டு வெறுமையாக வரும். அந்த வரியின் சிட்டை எண்ணையும், அந்தச் சிட்டைக்குள் அது எத்தனையாவது வரி என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிஸ்டையும் நிரப்புங்கள். அந்தச் சிட்டை இப்போது எத்தனையாவது வரியில் தொடங்குகிறது என்று பார்த்து, சிட்டைக்குள் எத்தனையாவது வரி என்பதை அதோடு கூட்டி (இரண்டையும் 0இலிருந்து எண்ணுங்கள்), வந்ததை மொத்த வரிகளால் வகுத்து மூவ்டூவுக்குக் கொடுங்கள். நிரப்பும்போது நடுவில் அப்டேட் என்று நீங்களாகக் கூப்பிடாதீர்கள். கூப்பிடாதவரை ஒய்ஸ்க்ரோல்கமாண்ட் எல்லாம் நிரப்பி முடிந்த பிறகே ஓடும். பாதி நிரம்பிய லிஸ்டைப் பார்த்து மற்றது தாவாது. முன்பு கொடிக்கு இடைஞ்சலாக இருந்த அதே குணம் இங்கே நமக்குச் சாதகம்.

வாங்கியவர் பெயர்படி அடுக்கும்போது சேர்ந்து நகர்வதை நிறுத்திவிடுங்கள். மேலே 'சேர்ந்து நகரட்டும்' என்று ஒரு செக்பாக்ஸ் வைத்து, அடுக்கு மாறியதும் அதைத் தானாகவே அணைத்துவிடலாம். எதிரெதிரே நிற்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை என்னும்போது இரண்டையும் கட்டி நகர்த்துவது கண்ணை ஏமாற்றும். அந்த நிலையில் வெற்று வரிகளையும் எடுத்துவிடுங்கள். விற்பனையில் ஒரு வரியைத் தொட்டால் அதன் சிட்டையை இடது பக்கம் சீ என்பதைக் கொண்டு தெரியவைத்தால் போதும்.

திருநகர் தம்பி சொன்ன வழி தவறில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று வரும் கணக்காக இருந்தால் நானும் ஒரே டேபிள்தான் போடுவேன்.

திருநகர்:

வசூல் பட்டியலும் அதே பக்கம் என்று தெரிந்திருந்தால் நானும் இரண்டாகத்தான் சொல்லியிருப்பேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வெற்று வரிகளுக்கு ஒரு டேக் வைத்து மங்கிய நிறம் கொடுங்கள். இல்லையென்றால் எடை போட விட்டுப்போன வரியோ என்று சந்தேகம் வரும். சிட்டைக்குச் சிட்டை பின்னணி நிறத்தை மாற்றிக்கொண்டே போனால் எங்கே ஒரு சம்சாரி முடிந்து அடுத்தவர் தொடங்குகிறார் என்பது தெரியும். நிறம் இரண்டு லிஸ்டிலும் ஒன்றாகவே ஓட வேண்டும்.

மாட்டுத்தாவணி கணக்கு:

செய்துவிட்டேன். 'பூ' முழுதாகத் தெரிகிறது. சிட்டை எண்ணைப் பிடித்துத் திரும்புவதால் புது விற்பனை எத்தனை வந்தாலும் பார்த்துக்கொண்டிருந்த வரி அசைவதில்லை. ஒருவர் மாற்றி ஒருவராக வெள்ளை, இளமஞ்சள் என்று நிறம் கொடுத்தேன். எடை வித்தியாசம் அந்தப் பூவுக்கு அப்பா சொன்ன அளவைத் தாண்டினால் வரவு வரி மட்டும் சிவப்பாகும்படியும் வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. வெற்று வரியைத் தெரியாமல் தொட்டால் அதுவும் தேர்வாகிறது. அப்போது டிக் போடும் விசையை அழுத்தினால் எதற்கு டிக் விழுகிறது என்றே தெரியவில்லை.

ஒத்தக்கடை:

வெற்று வரியை உருவாக்கும்போதே அது எந்தச் சிட்டையைச் சேர்ந்தது என்பதையும் அதன் வேல்யூஸில் மறைவாக ஒரு பத்தியில் வைத்துவிடுங்கள். டிஸ்ப்ளேகாலம்ஸில் அந்தப் பத்தியைச் சேர்க்காவிட்டால் திரையில் தெரியாது. ட்ரீவியூசெலக்ட் நிகழ்வு வந்ததும், தேர்வானது வெற்று வரி என்றால் தேர்வை அந்தச் சிட்டையின் முதல் வரிக்கு மாற்றிவிடுங்கள். டிக் எப்போதும் சிட்டைக்குத்தான் விழும். மாற்றும்போது அதே நிகழ்வு மறுபடி ஒருமுறை வரும், அப்போது தேர்வில் இருப்பது வெற்று வரி இல்லை என்பதால் அங்கேயே நின்றுவிடும்.